நான் புள்ளி போட்டு எடுத்த கார்

ஹாலிஎலயிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டியதும் ஒரு வளைவு வரும். மழை இல்லாத நாளிலும் அங்கே காற்று சும்மா இருக்காது. மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் அவள் முகத்தை மூடிவிடுவேன். மூன்று வயதில் அவளுக்கு இழுப்பு தொடங்கியது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்துப் புகை பிடித்து, மூச்சு சீராகித் திரும்புவாள். அந்த வளைவுக்கு வந்ததும் நெஞ்சில் மறுபடி பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் கேட்கும்.

ஆட்டோ என் கணவருடையது. ஹாலிஎலச் சந்தி ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டினார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காற்றுக்காக இரண்டு பக்கமும் பச்சை ரெக்சினில் திரை தைத்துக் கொடுத்தேன். மகள் வெளியே பார்க்கட்டும் என்று ஒரு பக்கத் திரையில் மட்டும் கண்ணாடித்தாளைச் சதுரமாக வெட்டி வைத்தேன். அதில் தையல் கோணலாகிவிட்டது. பிரித்துத் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, தைக்கவில்லை.

குளிர்காற்று படாமல் கூட்டி வாருங்கள் என்று கிளினிக் டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். தலையாட்டிவிட்டு, வெளியே வந்து ஆட்டோவில் ஏறுவோம். அவர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாரோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பல வருட இறக்குமதித் தடை நீங்கி, வெளிநாட்டு வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கிய சமயம் அது. ஆசிரியர் அறையில் பரீட்சையைவிடக் கார்ப் பேச்சுத்தான் அதிகம். எங்களுக்கும் ஒரு கார் வேண்டும் என்று நான்தான் முதலில் சொன்னேன். மகளின் மூச்சுக்காக என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் காரிலிருந்து இறங்கும் என்னையும் நான் மனதுக்குள் பார்த்திருந்தேன். இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு கார்கள் எங்கள் முன்னால் இருந்தன. ஒன்று, ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவருடையது. முப்பது வருடப் பழையது, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். கையில் இருந்ததோடு என் நகையில் பாதியை அடகு வைத்தால் காசாகக் கொடுத்து எடுத்துவிடலாம். ஆட்டோவும் கையில் நிற்கும். மற்றது பண்டாரவளையில் ஒரு விற்பனை நிலையத்தில் நின்ற வெள்ளைக் குட்டிக் கார். ஜப்பானில் கொஞ்சம் ஓடி, இங்கே இன்னும் பதிவு நம்பர் விழாதது. எங்கள் ஊரில் புதிய கார் என்று சொல்வது அதைத்தான். அதற்கு ஆட்டோவை விற்று, நகையையும் கொடுத்து, மீதிக்கு லீசிங் கம்பனியில் தவணைக் கடன் போட வேண்டும்.

என் கணவருக்குப் பழைய காரின் மேல்தான் கண். அதன் எஞ்சினைப் பல தடவை கேட்டிருக்கிறார். "அந்தக் காரு ஏறாத ஏத்தம் இந்த ஊவா மாகாணத்துலயே கெடையாது" என்றார். உடைந்தாலும் பதுளையில் எந்தக் கராஜிலும் சாமான் கிடைக்கும், எவனும் திருத்துவான் என்றார்.

நான் படித்தவள் அல்லவா, அப்படி வாய்ச்சொல்லை நம்புவேனா? ஒரு பயிற்சிக் கொப்பியில் கோடு போட்டேன். எரிபொருள், இழுவை, நிலத்திலிருந்து உயரம், உதிரிப்பாகம், பாதுகாப்பு, திருப்பி விற்றால் கிடைக்கும் விலை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று இரண்டு காருக்கும் புள்ளி போட்டேன். மகள் தூங்கும்போது போனில் வீடியோக்கள் பார்த்தேன். தமிழில் பேசியவர்கள் எல்லாம் இந்தியாவில் இருந்தார்கள்; அவர்கள் சொன்ன கார்கள் இங்கே இல்லை. சிங்களத்தில் பேசியவர்கள் கொழும்பு ரோட்டில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த ரோட்டில் எந்தக் கார்தான் ஓடாது. இது எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் புள்ளியை மாற்றவில்லை.

பழைய கார் இழுவையில் மட்டும் நல்ல புள்ளி வாங்கியது. பாதுகாப்பில் இரண்டு போட்டேன். விபத்தில் விரியும் பலூன் இல்லாத முப்பது வருடக் காரில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றேன். நடுவழியில் நின்றுவிட்டால், மழை பெய்தால், அவளுக்கு அந்த நேரத்தில் இழுத்தால் என்று நான் அடுக்கிக்கொண்டே போனதும் அவர் பழைய காரின் பேச்சை விட்டுவிட்டார். பிள்ளையின் பெயரை எடுத்தால் அவர் எதிர்த்துப் பேச மாட்டார். அது எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனோம். விற்பனை நிலையத்து முதலாளி முஸ்லிம் பெரியவர், என்னை டீச்சர் டீச்சர் என்று உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் கார் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு செங்குத்தான தோட்டத்து ரோட்டில் பாதி ஏறி, அங்கேயே நிறுத்தி, மறுபடி எடுப்பார்கள். பின்னால் வழுக்காமல், அலறாமல் எடுத்தால்தான் அது கார். என் கணவர் அப்படிப் பார்க்க வேண்டும் என்றார். நம்பர் விழாத காரை மெயின் ரோட்டைவிட்டு இறக்க முடியாது என்றார் முதலாளி.

"ஏத்தத்துல நிப்பாட்டி எடுக்காம காரு வாங்குறது போட்டோவப் பாத்துப் பொண்ணு கட்டுற மாதிரிங்க" என்றார் என் கணவர்.

"நாங்களும் அப்புடித்தான் கட்டுனோம் தம்பி. நல்லாத்தானே ஓடுது" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்காமல் காரைச் சுற்றி வந்து, குனிந்து அடியைப் பார்த்தார். ஆட்டோக்காரர் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஆட்டோக்காரர்தான். "வாங்க, போதும்" என்று மெதுவாகச் சொன்னேன். சமமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினோம். உள்ளே சத்தமே இல்லை. காற்று இல்லை. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாள். காற்று புகாமைக்கு நான் பத்துக்குப் பத்து போட்டேன்.

திரும்பும் வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். ஆட்டோவை விற்றுவிட்டால் தான் எதை ஓட்டுவது என்று. தினவாடகைக்கு ஒரு ஆட்டோ எடுத்து ஓட்டலாம், என் சம்பளம் தவணைக்குப் போகட்டும், உங்கள் வருமானம் வீட்டுக்கு என்றேன். கொப்பியில் அதையும் எழுதியிருந்தேன். காசு கொடுத்து எடுத்தால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும், லீசிங் என்றால் மாதாமாதம் கொஞ்சமாகப் போகும் என்று நான் விளக்கியது நினைவிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கும் குரலில் விளக்கினேன்.

லீசிங் அலுவலகத்தில் டை கட்டிய ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலை வைத்த இடங்களில் கையெழுத்து வாங்கினார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இருவர் எனக்காகப் பிணை நின்றார்கள். காரின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருந்தது. கடைசித் தவணை முடிந்ததும் அது மாறிவிடும் என்றார் அவர். மகள் அப்போது பெரிய வகுப்பில் இருப்பாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

ஆட்டோவை அதே ஸ்டாண்டில் ஓட்டும் ஒருவர் வாங்கினார். வெல்டிங் வேலை செய்துவிட்டு ஐம்பது வயதுக்குப் பிறகு ஆட்டோவுக்கு வந்தவர். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று என் கணவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். நானும் வயிறுதான் என்று நம்பிக்கொண்டேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. கிளினிக்குக்குக் காரில் போனோம். டாக்டரின் ஜன்னலுக்கு நேராகவே நிறுத்தச் சொன்னேன். மகள் அந்த மாதம் முழுக்க ஒரு தடவைகூட இழுக்கவில்லை. நான்கு பேர் ஏறினால் மடுவத்து வளைவில் கார் தையல் மெஷின் மாதிரிக் கத்தியது. சாமான் இருந்தால் ஒருவர் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் அவர் என்னை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

தினவாடகை ஆட்டோதான் முதலில் கைவிட்டது. வாடகை, பெட்ரோல் போக அவர் கையில் நின்றது தேங்காய்க்கும் மாவுக்கும் போதவில்லை. எல்ல என்ற ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் குவிகிறார்கள், ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்கும் பழைய ரயில் பாலத்துக்கும் கொண்டுபோய் விட்டால் ஆட்டோவில் ஒரு நாள் கிடைப்பது காரில் ஒரே ஹயரில், ஒரு சவாரியில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று லீசிங் தாளில் இருக்கிறது. அதை வாசித்தவள் நான். தெரிந்தும், போங்கள் என்றவளும் நான். மாதம் பதினைந்தாம் தேதி தவணை. அதுவரை எந்த ஹயரையும் விட வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்தேன். சனி, ஞாயிறு கார் விடியும் முன்பே எல்லக்குப் போய்விடும். பிறகு வெள்ளியும் போனது. மகள் கிளினிக்குக்கு மறுபடி பஸ்ஸில் வந்தாள்.

காருக்குள் பால் வாடை அடிக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் முகம் சுளித்தாளாம். அடுத்த வாரமே பதுளையில் ஒரு வாசனைப் புட்டி வாங்கிக் காரில் மாட்டினேன். இழுப்புக்காரப் பிள்ளைக்கு அந்த மணம் ஆகாது என்று தெரியும். மகள் ஏறும் நாளில் கழற்றி வைத்தால் போயிற்று என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மகளுக்கு இழுப்பு வந்தது. மருந்துப் பம்பை வாயில் வைத்து அடித்தேன். சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தேன். அடங்கவில்லை. விலாவெலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. பேசச் சொன்னால் ஒரு சொல்லோடு நின்றாள். அவருக்குப் போன் போட்டேன்.

"எல்லயில பாலத்துக்கிட்ட நிக்கிறேன் புள்ள. இவங்க நாலு பேரும் கீழ எறங்கிப் போய்ட்டாங்க, பெட்டியெல்லாம் கார்ல கெடக்கு" என்றார். அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, "ஸ்டாண்டுக்குக் கோல் போடு. நம்ம வண்டி நிக்கும்" என்றார்.

எந்த ஹயரையும் விட வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆட்டோ வந்தது. பச்சைத் திரை அப்படியே தொங்கியது. என் கோணல் தையலும் அப்படியே இருந்தது. "நீங்க தச்சத நான் கழட்டவே இல்ல டீச்சர். புள்ளைய உள்பக்கமாப் புடிங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவை வாங்கியவர் இரண்டு பக்கத் திரையையும் இறக்கிக் கட்டினார். மகளின் தலையை என் கழுத்தில் அழுத்திக்கொண்டேன். வளைவில் காற்று திரையின் அடியால் நுழைந்து காலில் ஏறியது. கொப்பியில் அத்தனை கோடு போட்டேன், இழுப்பு வரும் நேரத்தில் கார் எங்கே நிற்கும் என்று ஒரு கோடு போடவில்லை. இதை நினைத்துக்கொண்டே அவளுடைய மூச்சை எண்ணினேன். எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து மூன்று தடவை மருந்துப் புகை கொடுத்தார்கள். மூன்றாவதில் அவளுடைய உதட்டில் நிறம் வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆட்டோக்காரர் வெளியே காத்திருந்தார். காசை நீட்டினேன். "தம்பிகிட்ட வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். வாங்க மாட்டார் என்பது தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் என் கணவர் ஓடி வந்தார். வெள்ளைக்காரர்களை ஹோட்டலில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார். மகளின் காலைத் தொட்டுப் பார்த்தார். போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அவளைத் தானே தூக்கிக்கொண்டார். அவருடைய சட்டைப் பையில் வாசனைப் புட்டி துருத்திக்கொண்டிருந்தது. நினைவாகக் கழற்றியிருக்கிறார். கார் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் நின்றது.

ஹாலிஎல வருவதற்குள் மகள் இருமத் தொடங்கினாள். புட்டியைக் கழற்றினாலும் மணம் சீட்டில் ஊறிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் என் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். அவரும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். மடுவத்தைத் தாண்டியதும் கார் கத்திக்கொண்டு ஏறியது. காற்று இரண்டு பக்கமும் உள்ளே வந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மகளின் முகத்தை மூடினேன்.