ஸெனோபியா அத்தை தோண்டாத கிழங்கு

எங்கள் போலிஷ் கிராமத்து யூதர் கல்லறைத் தோட்டத்தின் சாவி ஸெனோபியா அத்தையின் சமையலறை ஆணியில் தொங்கும். யாரும் அவளிடம் ஒப்படைத்ததல்ல. உலகப் போருக்குப் பின் ஊர் யூதர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அந்த இடம் முள்ளாகிக் கிடந்தது. இருபது வருஷத்துக்கு முன், காணாமல் போன கோழியைத் தேடி உள்ளே போன அத்தை, சாய்ந்து கிடந்த கற்களைப் பார்த்தாள். மறுநாள் அரிவாளோடு போனாள். அப்புறம் நிறுத்தவே இல்லை.

கற்கள் முடிகிற இடத்தில் கல்லறையும் முடிகிறது என்று நினைத்து அங்கே வேலி போட்டு, வாசலுக்குப் பூட்டும் போட்டாள். வேலிக்கு அப்பால் ஓடை வரைக்கும் அவளுடைய உருளைக்கிழங்குத் தோட்டம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். லுப்ளின் ஆவணக் காப்பகத்தில் பழைய நில வரைபடம் ஒன்று கிடைத்தது. அதில் கல்லறை எல்லை ஓடை வரை போனது. கிழங்கு விளையும் பகுதியில் சிறிய எழுத்தில் 'குழந்தைகள்' என்றிருந்தது. கைக்குழந்தைகளுக்கு ஊர் யூதர்கள் கல் நடவில்லை.

மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன். யாருக்காக மறைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆகஸ்டில் ஹைஃபாவிலிருந்து நாஹும் வருவார்; அவருடைய முன்னோர் இந்தக் கல்லறையில் இருக்கிறார்கள். அவருக்கு முன் அத்தைக்குத் தெரிய வேண்டும்.

சொன்னபோது அத்தை அந்தக் கிழங்கைத்தான் சீவிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் என் தம்பி உன்னைப் படிக்க வெச்சானா?" என்றாள். சீவியதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "எத்தனை பிள்ளைங்க?"

"அதுல எழுதலை அத்தை."

கத்தியைக் கீழே வைத்தாள். "இருபது வருஷமா மண்வெட்டி போட்டிருக்கேன்டி. இனி சாவியை எங்கிட்ட விட்டுவைப்பாரா அவரு?"

நாஹும் வந்ததும் தேநீர்கூடக் கொடுக்காமல், சாவியை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். தாயிடம் கற்ற போலிஷில் மெதுவாகப் பேசினார்.

"வருஷத்துல ரெண்டு நாள் வர்றவன் இதை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?" சாவியை அவள் பக்கமே தள்ளினார். "ஒண்ணே ஒண்ணு. இனி அங்க மண்ணைக் கிளறக் கூடாது. எங்க வழக்கத்துல கல்லறைப் புல்லுல மாடுகூட மேயக் கூடாது."

"அப்ப இந்த வருஷக் கிழங்கு?"

"அப்படியே கிடக்கட்டும்."

எங்கள் ஊரில் கிழங்கை மண்ணில் அழுக விடுவது ரொட்டியை மிதிப்பது மாதிரி. மறு வாரம் அத்தை வேலியைப் பிடுங்கி ஓடைக்கு மறுகரையில் நட்டாள், ஒரு குழிகூட உள்ளே விழாதபடி.

செப்டம்பர் கடைசியில் ஊரே கிழங்கு தோண்டியது. பக்கத்துத் தோட்டத்து செஸ்வாவா குரல் கொடுத்தாள்.

"என்னடி ஸெனோபியா, இடுப்பு போச்சா? அத்தனையும் அழுகுது பாரு. என் மகனை அனுப்பட்டுமா?"

"மெதுவாப் பேசு," என்றாள் அத்தை. "பிள்ளைங்க இருக்காங்க."

"எந்தப் பிள்ளைங்க?" என்று செஸ்வாவாவும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.