முப்பத்தேழு மைல் வேகத்தில் பெரில்

பெரில் கிரிம்ஷா கம்பைத் தூக்கினால் ஹாதர்கிளஃபில் பால் லாரியும் நிற்கும், பாதிரியாரின் சைக்கிளும் நிற்கும். நிற்கத்தான் வேண்டும், சட்டம் அப்படி. இருபத்தாறு வருஷமாகக் காலையும் மாலையும் பள்ளிக்கூட வாசலில், மழையில் (இங்கிலாந்தின் இந்த லங்காஷயரில் மழையைத் தவிர வேறென்ன கொட்டிக் கிடக்கிறது!) கணுக்கால்வரை மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு, நுனியில் வட்டப் பலகை வைத்த நீளக் கம்போடு நின்று பிள்ளைகளைச் சாலை தாண்டவிடுவதுதான் அவள் உத்தியோகம். கம்பு மிட்டாய்க் குச்சி மாதிரி இருப்பதால் ஊருக்கே அவள் லாலிபாப் பெரில். வேகமாக வந்தவன் தொலைந்தான். கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்லி, "ஏம்ப்பா, அப்படி என்ன தலைபோற அவசரம்?" என்று நாலு பேர் கேட்கக் கேட்பாள்.

அந்தப் பெரிலுக்கே போன அக்டோபரில் போலீஸ் கடிதம் வந்தது. முப்பதுக்கு மேல் போகக்கூடாத சாலையில் முப்பத்தேழு மைல். வெள்ளிக்கிழமை மத்தியானம், மீன்கடையில் வரிசை நீள்வதற்குள் மீனும் சிப்ஸும் வாங்கிவிட வேண்டும் என்று பறந்தவளைக் காமிரா பிடித்துவிட்டது. புருஷன் வில்ஃப் சிரித்த சிரிப்பில் டீ முழுக்கச் சட்டையில்.

"வெளியே மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்."

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன் பெரிலு? பப்புல இருக்கிற நாப்பது பேரைத் தவிர?"

ஆனால் சொல்லவில்லை. மனுஷன் வாய்தான் அப்படி.

அபராதமும் லைசென்ஸில் மூன்று தண்டனைப் புள்ளியும் வேண்டாமென்றால், சொந்தக் காசு கட்டி, நிதானமாக ஓட்டச் சொல்லித்தரும் அரைநாள் வகுப்பில் உட்கார வேண்டும். பள்ளி விடுமுறை வாரமாகப் பார்த்து, பக்கத்து டவுன் ஹோட்டலுக்குத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். உள்ளே இருபது குற்றவாளிகள், ஆளுக்கு இரண்டு பிஸ்கட். கடைசி வரிசையில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தவர் வேறு யாருமில்லை, ஊர் மன்றத் தலைவர் டெரன்ஸ் ஹார்கிரீவ்ஸ். 'மக்கள் பணம், ஒவ்வொரு பென்னியும் மக்கள் பணம்' என்று எலெக்ஷனுக்கு எலெக்ஷன் தொண்டை கிழியக் கத்தும் அதே மகாராஜன்.

இடைவேளையில் டீ ஊற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்தார். "நான் உங்களைப் பாக்கலை, மிஸஸ் கிரிம்ஷா. நீங்களும் என்னைப் பாக்கலை. சரிதானே?"

"எந்த ஹார்கிரீவ்ஸ்? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே," என்றாள் பெரில். அன்றைக்கு அவளுக்கு அந்த மனுஷன்மேல் பாசமே வந்துவிட்டது.

பிப்ரவரியில் வந்தது இடி. மன்றத்தில் பணமில்லையாம், சாலை தாண்டவிடும் வேலையை எடுத்துவிடுகிறார்களாம், முன்மொழிபவர் ஹார்கிரீவ்ஸ். பெரில் சமையலறை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சம்பளத்துக்காக அழுபவள் இல்லை அவள், அந்தச் சம்பளத்தில் நல்ல செருப்புகூட வாங்க முடியாது. ஆனால் காலை எட்டே முக்காலுக்கு அந்தச் சாலையில் தான் இல்லாவிட்டால் எந்தப் பிள்ளை ஓடும், எந்தக் கார் நிற்காது என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

வில்ஃபுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மற்றவர்கள் ஃபுட்பால் முடிவு படிப்பதுபோல அவன் கவுன்சிலர்களின் செலவுப் பட்டியலைப் படிப்பான். அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து கூவினான்.

"இங்க வாடி! ஹார்கிரீவ்ஸ், அக்டோபர் இருபத்தி நாலு, சாலைப் பாதுகாப்புப் பயிற்சி. கட்டணம், பெட்ரோல், மத்தியான சாப்பாடு. அத்தனையும் மன்றக் கணக்குல!"

"சாப்பாடா? ரெண்டு பிஸ்கட்டுய்யா அது!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஆளை மாட்டிவிட வேண்டுமென்றால், தானும் அங்கே இருந்ததை ஊருக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக யார் யார் கார்க் கண்ணாடியைத் தட்டினாளோ அவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால். இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள். மஞ்சள் கோட்டோடு எழுந்தாள் பெரில்.

"சார், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அக்டோபர்ல நீங்க போன பயிற்சில மத்தியான சாப்பாடு என்ன போட்டாங்க?"

ஹார்கிரீவ்ஸ் தண்ணீர் கிளாஸைத் தேடினார். "அது... அலுவல் விஷயம். உங்களுக்கு எப்படி..."

"நானும் அங்கேதான் இருந்தேன். அது வேகமா ஓட்டி மாட்டிக்கிட்டவங்களுக்கான வகுப்பு. நான் முப்பத்தேழுல போனேன், மீன் வாங்க. போதுமா? எல்லாரும் சிரிச்சுக்கோங்க!" முகம் தக்காளியாகிவிட்டது. "ஆனா என் தப்புக்கு என் காசைக் கட்டினேன். இவர் தப்புக்கு நீங்க கட்டியிருக்கீங்க. பிள்ளைங்க ரோடு தாண்டத்தான் காசு இல்லையாம்!"

பின்வரிசையில் கசாப்புக் கடைக்காரர் முதலில் வெடித்துச் சிரித்தார், பிறகு கூடமே அதிர்ந்தது. மணி அடிக்க வேண்டிய அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மணியை மறந்தே போனாள். ஹார்கிரீவ்ஸ் ஏதோ குமாஸ்தா தவறு என்றார், திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்றார். அவர் தீர்மானத்துக்கு ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை, அவர் கை உட்பட.

மறுநாள் காலை வருகிற கார்க்காரன் ஒவ்வொருவனும் கண்ணாடியை இறக்கினான். "பெரில், அப்படி என்ன தலைபோற அவசரம்?" "மீன் சூடா கெடச்சுதா பெரில்?" அத்தனை பேருக்கும் பல்லைக் காட்டினாள். மானம் போனால் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே சொல்லியிருப்பாளே!

எட்டு ஐம்பதுக்கு ஹார்கிரீவ்ஸின் கறுப்புக் கார் வந்தது. பெரில் நிதானமாக நடுச்சாலைக்குப் போய்க் கம்பை ஊன்றினாள். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத் தாண்டினார்கள். கடைசியாக வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி டில்லியின் கையுறை ஒன்று விழுந்தது. அவள் திரும்பி வந்து எடுத்தாள். இன்னொன்றும் விழுந்தது. அதையும் எடுத்தாள்.

கார்க் கண்ணாடி இறங்கியது. "மிஸஸ் கிரிம்ஷா, எனக்குக் கூட்டம் இருக்கு."

"பயிற்சியா சார்?"

மனுஷன் முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பில் உதடு தானாகப் பிரிந்துவிட்டது.

டில்லி பெரிலின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே. நாளைக்கு வருவீங்களா?"

பெரில் குனிந்து இரண்டு கையுறையையும் அவள் கையில் மாட்டிவிட்டாள். "வருவேன்டி தங்கம். நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன். நீ பாத்துப் போ," என்று சொல்லி, அவள் பள்ளிக்கூடக் கதவுக்குள் நுழையும்வரை கம்பைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். ஹார்கிரீவ்ஸும் அதுவரை நின்றார்.