அளக்காத பக்கமும் ஐந்து பெண்களும்

ஒரு வயலை அளப்பதற்கு முன் பட்டாதாரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. வர்க்கப் பூர்த்தி என்ற கணக்குக்கும் அது பொருந்தும் என்று என் மனைவிக்கு யாரும் சொல்லவில்லை. தாலுகா ஆபீசில் நிலப் பிரிவு எழுத்தராக இருந்த நானும் சொல்லவில்லை. தை மாதம்தான் கல்யாணமாகியிருந்தது. பேசுவதற்கு விதிகளைவிட நல்ல விஷயங்கள் இருந்தன.

அவள் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலை தற்காலிகம், நிரந்தரமாக்கும் உத்தரவு எந்த வாரமும் வரலாம் என்றிருந்தது. அப்போதுதான் x² + 6x + 14 வந்தது. கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் என்று, பள்ளியை ஒட்டி அறுப்பு முடிந்து கிடந்த வயலில் வகுப்பையே இறக்கிவிட்டாள்.

முதலில் முளையடித்துக் கயிற்றால் ஒரு சதுரம். அதன் பக்கத்தை அளக்கவில்லை, அதுதான் x. இரண்டு பக்கங்களை ஒட்டி மூன்றடி அகலத்தில் இரண்டு பட்டைகள்; சேர்த்தால் 6x. மூலையில் மூன்றுக்கு மூன்று காலி. மிச்சமிருந்த 14 என்பது பதினான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு சதுர அடி. ஒன்பது பேர் போய் மூலையில் நின்றதும் சதுரம் நிறைந்துவிட்டது. ஐந்து பேர் வெளியே. ஆக, (x + 3)² + 5. கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை என்று பெண்கள் தலை ரிப்பனை அவிழ்த்து முளைகளில் கட்டினார்கள். பள்ளி ரிப்பன் சிவப்பு.

வயலில் சிவப்புத் துணி கட்டிய முளை அடித்தால் என்ன அர்த்தம் என்று, செங்கொடிக்காரர்கள் நிலம் பிடிக்கும் போராட்டம் நடத்திய அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். வயலுக்குச் சொந்தக்காரரான மிராசுதாரிடம் அவருடைய ஏஜெண்ட் மூச்சிரைக்க ஓடினார்.

"ஐயா, ஒம்போது பேரு மூலையப் புடிச்சிட்டாங்க! அஞ்சு பேரு வெளிய காவல் நிக்கிறாங்க. யூனிபார்ம் வேற போட்டிருக்காங்க!"

புகார் தாலுகா ஆபீசுக்கு, என் மேஜைக்கே வந்தது. உறவினர் சம்பந்தப்பட்ட மனுவை எழுத்தர் கையாளக் கூடாது. முறைப்படி மேலே ஒப்படைத்தேன். அங்கிருந்து அது கல்வி அலுவலகம் போக, அவர்கள் நிரந்தர உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு வேகமாக ஒரு தாள் நகர்ந்ததை என் சர்வீசில் பிறகு நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மிராசுதார் வீட்டுக்கே போனோம். அவள் சாக்பீஸை எடுத்து வாசலில் படம் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார்.

"ஒம்போது பேரு சதுரத்துக்கு, சரி. அந்த அஞ்சு பேரு எதுக்கு டீச்சர்?"

"சதுரம் எவ்வளவு சுருங்கினாலும் பூஜ்யத்துக்குக் கீழ போகாதுங்க. அப்பவும் அந்த அஞ்சு நிக்கும். மொத்தம் அதைவிடக் குறையவே குறையாது."

"என் வயல் பூஜ்யமாயிடுமா?"

"அதுக்கு x மைனஸ் மூணாகணுங்க."

அவர் கவலையோடு என் பக்கம் திரும்பினார். "சார், அப்படி எதுவும் சட்டம் வருதா?"

நில உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். "மைனஸ் வரைக்கும் இன்னும் போகலைங்க" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஏஜெண்ட் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். காபி வந்தது. கிளம்பும்போது மிராசுதார் சொன்னார்: "அடுத்த தடவை கறுப்பு ரிப்பனும் சேத்துக் கட்டச் சொல்லுங்க டீச்சர். ஆளுங்கட்சின்னு நெனச்சு நம்ம ஆளு சலாம் போட்டுட்டுப் போயிடுவான்."

மறுநாளே புகாரை வாபஸ் வாங்கினார். வாபஸ் வாங்க விதி உண்டு. வாங்கியதைக் கல்வி அலுவலகத்துக்கு யார் சொல்வது என்பதற்குத்தான் விதி இல்லை. நினைவூட்டு எழுதினேன், நினைவூட்டுக்கு நினைவூட்டு எழுதினேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோதும் அவள் பெயர் தற்காலிகத்தில்தான் இருந்தது. "வேலை போற வரைக்கும் நடத்துறேன்" என்று அடுத்த வகுப்பையும் மரத்தடிக்கு இறக்கினாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து, சதுரம் கட்டிய வயலில் குறுவை நட்டார்கள்.

தபால்காரர் எங்களைத் தேடிப் படித்துறைக்கே வந்துவிட்டார். புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு நின்றவள் ஈரக் கையோடு உறையைப் பிரித்தாள். 'கற்பிக்கப்பட்டது கணிதமே எனத் தெரியவருவதால்' நடவடிக்கை கைவிடப்பட்டு, பணி நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. பக்கத்துப் படியில் அவளுடைய மாணவிகள் நின்றார்கள். முதலில் அவர்களிடம்தான் கத்திச் சொன்னாள், என்னிடம் பிறகுதான்.

உத்தரவில் ஆனி மாதத்து நாள் ஏதோ போட்டிருந்தது. எங்கள் கைக்கு வந்தது ஆடி பதினெட்டு.