பையைத் திறந்து காட்டுங்கோ

மற்றவர்களின் பைக்குள் கையை விட்டுச் சீவிக்கிற தொழில் உலகத்தில் இரண்டுதான்: ஒன்று களவு, மற்றது நான் செய்கிறது.

தென் லண்டனில் பாட்டு, நாடகம், மல்யுத்தம் எல்லாம் நடக்கிற ஒரு பெரிய மண்டபம். அதன் வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மஞ்சள் ஜாக்கெட்டும் கையுறையுமாக நிற்கிறவள் நான். உள்ளே போகிற பெண்களின் கைப்பையைத் திறக்கச் சொல்லி, ரோச் வெளிச்சம் அடித்து, சின்னத் தடியால் கிளறிப் பார்த்து விட வேண்டும். முந்தி இப்படியொரு மேசை இல்லையாம். ஒவ்வொரு நாட்டிலும் கூட்டத்துக்குள் எவனோ துவக்கோடு புகுந்து சுட்டான் என்று செய்தி வர வர, மேசை வந்தது. பெண்களைப் பெண்கள்தான் தடவிப் பார்க்கலாம் என்றபடியால் நானும் வந்தேன். "அங்கை கதைக்கத் தேவையில்லை, பையைப் பார்த்தாச் சரி" என்று என் மனுசன், இவர், சொல்லித்தான் சேர்ந்தேன். தெரியாத ஆளைக் கண்டால் எனக்கு வாய் வராது. படிப்பும் ஆறாம் வகுப்போடு சரி. பள்ளிக்கூடத்துக் கூரையில் செல் குண்டு விழுந்த பிறகு எந்த வகுப்பில் போய் இருக்கிறது?

இதை நான் எல்லாருக்கும் எழுதவில்லை. ரெயிலில் ஏறின உடனே எந்தக் கதவு கிட்ட என்று பார்க்கிறவர்கள், தியேட்டரில் ஓரத்துச் சீற் கேட்கிறவர்கள், கடையில் யாராவது பெரிய பையை வைத்துவிட்டு நகர்ந்தால் வாங்க வந்த சாமானையும் விட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள், நீங்கள்தான் என் சொந்தக்காரர். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

எனக்கு ஒரு மகள், அபி. ஐந்து வயது. சனம் கூடுகிற ஓரிடத்துக்கும் அவளை நான் கூட்டிப்போனதில்லை. நவம்பரில் லண்டன் முழுக்க வாணம் விடுகிறபோது எனக்குக் கை கால் உதறும். அது அவளுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு விளையாட்டு வைத்திருந்தேன்: வெடிச்சத்தம் கேட்டால் ஆர் முதலில் கட்டிலுக்குக் கீழே? எப்போதும் அபிதான் வெல்லுவாள். என் பயம் என்னோடு போகட்டும், பிள்ளைக்குத் தொற்றக்கூடாது. கோயிலுக்குப் போனால் நான் கேட்கிறதும் அது ஒன்றுதான்.

முதல் நாள் பாடம்

எங்கள் சுப்பவைசர் டெரெக் எல்லாரையும் டார்லிங் என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தி, எடுத்து வைக்க வேண்டிய சாமான்களைச் சொன்னார். தண்ணீர்ப் போத்தல், குடை, வெளிச் சாப்பாடு, செல்ஃபி எடுக்கிற தடி. கத்தி கண்டால் தன்னைக் கூப்பிட வேண்டும். அதோடு முடித்துவிட்டார். இந்த மேசை வந்ததே எதற்குப் பயந்தோ, அது அந்தக் கணக்கிலேயே இல்லை.

கை உயர்த்திக் கேள்வி கேட்பது எனக்குப் பெரிய விஷயம். ஆனாலும் கேட்டேன்: "பைக்குள்ளை துவக்கு இருந்தா நான் என்ன செய்யிறது?" எல்லாரும் சிரித்தார்கள். டெரெக் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் தட்டிச் சொன்னார்: "அதை நீ தேடத் தேவையில்லை, டார்லிங். அவனே எடுத்துக் காட்டுவான்."

கையைத் தூக்கின அம்மா

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆட்களின் பாட்டு நிகழ்ச்சி. வேறு நாட்களில் வருகிற பெண்கள் பையைத் திறக்கவே சண்டை பிடிப்பார்கள். அன்று எனக்கு வாய் திறக்கிற வேலையே இருக்கவில்லை. பட்டுச்சேலையோடு வந்த எங்கட அம்மாமார் மேசைக்கு வர முன்னமே பையைத் திறந்து பிடித்திருந்தார்கள். சிலர் ரிக்கற்றோடு பாஸ்போட்டையும் சேர்த்து நீட்டினார்கள். ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாருடைய கைக்கும் பழக்கம் தெரிந்திருந்தது.

ஒரு அம்மா பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி, தானாகவே திரும்பி முதுகையும் காட்டினார். ஊரில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் என் அம்மாவும் அப்படித்தான் நிற்பார், அவருக்குப் பின்னால் நானும் நிற்பேன். "அம்மா, கையை இறக்குங்கோ. இஞ்சை அப்பிடியில்லை, பையைக் காட்டினாக் காணும்" என்றேன். அவர் கையை இறக்கவில்லை. "பரவாயில்லைப் பிள்ளை, தடவு. தடவாமல் விட்டாத்தான் எனக்கு உள்ளை இருக்கப் பயமா இருக்கும்."

தயிர்ச்சாதம்

அதே நாள், தமிழ்நாட்டுப் பெண் ஒருவர். ஆஸ்பத்திரியில் டாக்டராம், வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார். பைக்குள் ஒரு டப்பாவில் தயிர்ச்சாதம், மூடிக்குள் ஊறுகாய். வெளிச் சாப்பாடு விட ஏலாது, அது உள்ளே விற்கிற கடைக்காரருக்காகப் போட்ட சட்டம். நான் தலையைக் குனிந்துகொண்டு, பிடித்த சாமான் போடுகிற தொட்டியைக் காட்டினேன். போத்தல், குடை, சிப்ஸ் பைக்கற் என்று அது வழிந்துகொண்டிருந்தது. இந்த ஊர் துவக்குக்குப் பயந்து பிடித்து வைத்தது அவ்வளவுதான்.

டாக்டர் டப்பாவைத் திறந்து, மேசைக்குப் பக்கத்திலேயே நின்று நாலு வாய் சாப்பிட்டார். மிச்சத்தைத் தொட்டிக்குள் போடாமல் என் கையிலேயே தந்தார். "ஏம்மா, நீ துப்பாக்கியத் தேடுறியா, இல்ல நான் ராத்திரிக்கு என்ன சாப்பிடுறேன்னு தேடுறியா?"

கலர்க் கடதாசி

மேடையில் கலர்க் கடதாசித் துண்டுகளைக் கூட்டத்துக்கு மேல் சுடுகிற குழல் ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் வெடிக்கும், பூமழை மாதிரிக் கொட்டும், சனம் கை தட்டும். எனக்கு அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் சனத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், உள்ளே யாரோ அதைச் சரிபார்க்க ஒருமுறை சுட்டார்கள்.

பிறகு எனக்குத் தெரிந்தது மேசையின் கால்கள்தான். நான் கீழே கிடந்தேன். என் கைக்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கோட்டும் தொப்பியுமாக. பாவம், அவவின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறேன். கிழவி கோபப்படவில்லை, தொப்பியைச் சரிசெய்துகொண்டு எனக்கு நன்றி வேறு சொன்னா. என்னோடு நிற்கிற கிரேஸ் கானா நாட்டுக்காரி, பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவள்தான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். முதுகில் தூசியைத் தட்டியபடி காதுக்குள் சொன்னாள்: "விழுந்தது பரவாயில்லையடி. ஆனா சனத்துக்கு முன்னாலை விழாதை, அதுகள் எங்களைப் பார்த்துத்தான் பயமில்லாமல் உள்ளை போகுதுகள்."

பின்கதவு

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கதவு. மேடை வேலைக்காரர் சிகரெட் பிடிக்கப் போய் வருகிற வழி. ஒவ்வொரு முறையும் பூட்டித் திறக்கப் பஞ்சி என்று, நெருப்பணைக்கிற சிவப்புச் சிலிண்டரை அண்டை கொடுத்துத் திறந்தபடியே விட்டிருப்பார்கள். முன்வாசலில் நான் கிழவிகளின் கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, பின்வாசலால் ஒரு யானையே உள்ளே போகலாம்.

நான் டெரெக்கைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் கதவைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது எங்கடை கொம்பனியின்ரை கதவு இல்லை, டார்லிங்."

இவரின் நியாயம்

கிறிஸ்மஸ் காலத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு பகிடி நாடகம் போடுவார்கள். பாண்டோ என்று பெயர். அதற்கு அபியின் வகுப்பைக் கூட்டிப் போகிறார்களாம். எங்கே? என் மண்டபத்துக்கு. வகுப்பில் எல்லாத் தாய்மாரும் ஓம் என்றுவிட்டார்கள். நான் மட்டும் ஏலாது என்றேன். அபி அழவில்லை. சத்தம் போடாமல் போய்த் தன் சப்பாத்தைக் கழற்றி அடுக்கி வைத்தாள். அழுதிருக்கலாம்.

"லண்டனிலை எங்கையப்பா துவக்குச் சூடு? அது அமெரிக்காவிலை" என்றார் இவர். நான் பின்கதவைச் சொன்னேன், கடதாசிக் குழலைச் சொன்னேன், என் மேசை எவ்வளவு பொய் என்று சொன்னேன். வாய் வராதவளுக்கு அன்று எங்கிருந்தோ வாய் வந்தது. இவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "நீர் அந்த இடத்தைக் காவல் காக்கிற ஆள். நீரே உம்மடை பிள்ளையை விடாட்டில், மற்றச் சனம் என்னத்தை நம்பிப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருகுது?"

அடுத்த நாள் ரீச்சரிடம் போய் ஓம் என்றேன்.

மஞ்சள் ஜாக்கெட்டுகள்

அன்று காலை நான் வேலைக்கு வந்த உடனே பின்பக்கம் போய் அந்தச் சிலிண்டரை எடுத்து, கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வந்தேன். எங்கட கொம்பனியின் கதவு இல்லைதான்.

வழியில் தொலையாமல் இருக்கப் பிள்ளைகள் எல்லாருக்கும் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள், என்னுடையது போலவே. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சோதிக்கத் தேவையில்லை, எண்ணிவிட்டு உள்ளே விடலாம். மற்றப் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு துள்ளிக்கொண்டு ஓடினார்கள். அபி மட்டும் என் மேசைக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள். திரும்பி முதுகைக் காட்டினாள். இந்த வேலைக்கான லைசென்ஸ் வகுப்புக்குப் போன நாட்களில் வீட்டில் அவளை வைத்துத்தான் நான் தடவிப் பார்க்கப் பழகியது. பாட்டு நிகழ்ச்சிக்கு வந்த அந்த அம்மா நின்றது மாதிரியே நின்றாள்.

பின்னால் வரிசை காத்திருந்தது. நான் அவளைத் தடவினேன். பொக்கற்றுக்குள் ஒரு ரிஷ்யூக் கடதாசி, வேறொன்றும் இல்லை. ரீச்சர் குனிந்து அவளைப் பார்த்து உருகிப்போனா. "என்ன கெட்டிக்காரி! வீட்டிலை எவ்வளவு வடிவாச் சொல்லிக் குடுத்திருக்கிறீங்கள்."

வெடித்த பிறகு

நாடகம் நடந்த நேரம் முழுக்க நான் மண்டபக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பாண்டோ என்றால் பிள்ளைகள் கத்த வேண்டும், மேடையில் நிற்கிறவனே கத்தச் சொல்லுவான். இவ்வளவு பிள்ளைகள் ஒன்றாகக் கத்துகிறதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள், என் சொந்தக்காரரே, சந்தோஷத்துக்கும் மற்றதுக்கும் சத்தத்தில் வித்தியாசம் இல்லை. பிறகு குழல் வெடித்தது. கடதாசிதான், எனக்குத் தெரியும். கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விழவில்லை. சனத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

கதவு திறந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு தலையிலும் சிவப்பு, பச்சை, தங்கக் கலரில் கடதாசி. அபி எல்லாருக்கும் கடைசியாக ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் தலையில் ஒரு துண்டும் இல்லை. முழங்காலில் ஊத்தை, ஜாக்கெட்டில் யாரோ மிதித்த பொப்கோர்ன். என்னைக் கண்டதும் ரீச்சரின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு, வென்றுவிட்டு வருகிற சிரிப்பு. "அம்மா, வெடிச்ச உடனை எல்லாரும் மேலை பார்த்துக் கத்திக்கொண்டு நிண்டவை. நான் மட்டும் டக்கெண்டு சீற்றுக்குக் கீழை போயிட்டன். நான் கெட்டிக்காரிதானே, அம்மா?"

ஊர்ச் சனத்தின் பையெல்லாம் கிளறித் தயிர்ச்சாதம்வரை பிடித்த நான், என் பிள்ளைக்கு நானே கட்டிக் கொடுத்து அனுப்பினதை மட்டும் அந்த மேசையில் பிடிக்காமல் விட்டுவிட்டேன்.