அம்மை என்று சொன்ன பத்து நாள்

என் அம்மாவுக்கு வந்தது அம்மை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று யாராவது தேற்ற வந்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் புற்றுக்கட்டி என்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். இந்த மாத்திரையால் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி கிளம்பும், கிளம்பினால் வந்து காட்டுங்கள், களிம்பு இருக்கிறது, வெயிலில் அலையாதீர்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார்.

வெயிலில் அலையாமல் எப்படி? எங்கள் ஊர் புதுப்பட்டினத்திலிருந்து அம்மா தினம் நடந்துபோய், அரசாங்க ஊழியர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தாள். கட்டி வந்த பிறகும் தேய்த்தாள். திரும்பி வந்து எங்களுக்குச் சமைத்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்பார்.

இரண்டாம் வாரம் முகம் முழுக்கச் சிவப்பாகக் கிளம்பிவிட்டது. அப்பாவின் அக்கா, என் அத்தை, பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டாள்.

"ஆத்தா வந்துகீறா. மாத்திரையெல்லாம் எடுத்து உள்ள வையி."

வாசலில் வேப்பிலை செருகினாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அந்தப் புண்ணின் மேலேயே அப்பினாள். ஆத்தா இறங்கும்வரை மருந்து கூடாது, தாளிக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது என்றாள். அப்பா தலையாட்டினார். குவார்ட்டர்ஸ்காரர்களும் அதுவரை வரவே வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

நான் சீட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அத்தையிடம் காட்டட்டுமா என்று கேட்டேன். அம்மா பாயில் படுத்தபடியே அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"சும்மா கெட. ஆத்தாளே வந்து படுத்துக்கடின்னு சொல்றா. நடுவுல உனுக்கு இன்னா?"

அம்மா தூங்கினாள். பகலெல்லாம் தூங்கினாள். அத்தை கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். அப்பா தன் தட்டைத் தானே கழுவினார். அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பத்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சிவப்பு அடங்கியிருந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அத்தை கும்பிட்டாள். மாத்திரை நின்றதால் அடங்கியது, அவ்வளவுதான். அரைத்துப் பூசிய இடம் மட்டும் உரிந்து சீழ் வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், சீட்டு எங்கே என்று என்னைத்தான் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

களிம்பு கொடுத்தார்கள், மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். மறுநாளே அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். அப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தாள். அந்தப் பத்து நாள் எவ்வளவு கெடுத்தது என்று நான் எந்த டாக்டரையும் கேட்கவில்லை.

அம்மா சாமிக்குப் பயந்துவிட்டாள் என்றுதான் அன்று நினைத்தேன். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கொஞ்சம் படு என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சாப்பிட என்ன இருக்கிறது என்றுதான் கேட்டேன்.