ஒரு வெள்ளைப் புள்ளியோடு வத்தலக்குண்டுக்கு

2005 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில் திண்டுக்கல் போயிருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நான் எடுத்த மூன்று போட்டோக்கள் ஒரு கல்யாணப் பேச்சைக் கெடுத்துவிட்டன, அதைச் சரிசெய்யத்தான். சின்ன டிஜிட்டல் கேமராவோடு அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

குஜிலியம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் சித்தப்பா வீடு. அவர் மகள் அமுதாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஏப்ரலில் போயிருந்தபோது, புதிதாக வாங்கிய மூன்று மெகாபிக்ஸல் கேமராவில் அவளை வீட்டுக்குள் நிறுத்தி எடுத்தேன். பிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வந்தது. அதை அணைத்துவிட்டு, மங்கிய வெளிச்சத்திலும் படம் தெரிய ஐ.எஸ்.ஓ. அளவை 400க்கு ஏற்றினேன். கேமராவின் குட்டித் திரையில் அழகாகத்தான் தெரிந்தாள். படங்களை மஸ்கட்டில் இருந்த மாப்பிள்ளைக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். அவர் வத்தலக்குண்டில் இருந்த பெற்றோருக்கு அனுப்ப, அவர்கள் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பத்தே நாளில் தரகர் வந்து, பெண்ணின் கன்னத்தில் வெண்புள்ளி இருக்கிறதாமே என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி அவரோடு திரும்பிப் போகவில்லை. ஊரிலேயே தங்கிவிட்டது.

சித்தப்பா போனில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "நீ எடுத்த போட்டோ அப்பு, நீயே வந்து என்னான்னு பாரு."

நான் இருந்த சென்னையில், கோயம்பேட்டிலிருந்து திண்டுக்கல் ஏறக்குறைய 420 கிலோமீட்டர், பேருந்தில் பத்து மணி நேரம். வழியில் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி நடந்தேன், உட்கார முடியவில்லை. காலை 6.40க்குத் திண்டுக்கல் நிலையத்தில் அமுதா நின்றுகொண்டிருந்தாள். லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் அப்புறம்ணே. மொதல்ல போட்டோவ பெருசா பாப்போம்."

பேகம்பூரில் ஒரு இன்டர்நெட் சென்டர் எட்டரைக்குத் திறந்தது. மணிக்கு 25 ரூபாய். மூன்று படங்களையும் பெரிதாக்கினோம். இருட்டான பகுதிகள் முழுக்கப் பச்சையும் சிவப்புமாக மணல் தூவினதுபோல நொய்ஸ். முதல் படத்தில் கன்னத்தின் மேல், ஓரத்தில் லேசாகச் சிவந்த வெள்ளைப் புள்ளி ஒன்று. இரண்டாவது படத்தில் அது கழுத்தில் இருந்தது. எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவள் மூன்றாவது படத்தைப் பார்த்து முடித்திருந்தாள்.

"இதுல சேலை முந்தியில இருக்கு பாருங்க. மூணுலயும் மேல இருந்து அளந்தா ஒரே எடம். புள்ளி நகரல, நாந்தான் நகந்திருக்கேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை நாளும் அவள் கன்னத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எங்க லேப்ல ரீடிங் சந்தேகமா இருந்தா ரத்தமே ஊத்தாம வெறும் தண்ணிய வெச்சு ஓட்டுவோம். அப்பவும் காட்டுச்சுன்னா மிசின்ல கோளாறு. இதையும் லென்ஸ மூடி வெறுமனே எடுங்க."

லென்ஸின் மேல் அவள் துண்டை நான்காக மடித்து இறுக்கிப் பிடித்தாள். நான் அதே 400இல் அழுத்தினேன். கன்னங்கரேலென்று ஒரு படம் வந்தது. அதில் அதே இடத்தில் அந்த வெள்ளைப் புள்ளி. வெயிலில் கேமரா சூடாகியிருந்ததாலோ என்னவோ, கூடவே சிவப்பும் நீலமுமாக ஏழெட்டுப் பொடிப்புள்ளிகள். படம் பதிகிற சென்சாரில் ஒரு புள்ளி பழுதானால் வெளிச்சமே இல்லாதபோதும் எரிந்துகொண்டிருக்கும் என்று பிறகு படித்தேன். கறுப்புப் படத்தையும் மற்ற மூன்றையும் ஒரு தாள் பத்து ரூபாய் என்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டிலேயே காட்டிவிடலாம் என்று கிளம்பினோம்.

வத்தலக்குண்டு 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கொடைக்கானல் போகிற கூட்டத்தில் நின்றுகொண்டே போனோம். சித்தப்பாவுக்குப் போன் போட்டபோது, பெண்ணே நேரில் போவது முறையில்லை என்றார். "நீங்க வேணாம்பா, நாங்களே செத்த நேரத்துல பேசிட்டு வாரோம்" என்று அமுதா வைத்துவிட்டாள். வழியெல்லாம் தாள்கள் இருந்த உறையை நூறு தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மோர் கொடுத்து உட்காரவைத்தார். மாப்பிள்ளையின் அப்பா ஊரில் இல்லை. நான் கறுப்புத் தாளை விரித்து, சென்சார், சூடு, நொய்ஸ் என்று கால் மணி நேரம் பேசினேன். வக்கீல் கேஸை ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த அம்மா தாளையும் அமுதாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிப்பா, புரிஞ்சிருச்சு. கேமராவுலதான் கொறை. மகன்ட்ட சொல்லி மேக்கொண்டு பேசிருவோம்."

நான் எழுந்துவிட்டேன். அமுதா எழவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. புள்ளி எனக்கே இருந்திருந்தா?"

அந்த அம்மா மோர் டம்ளர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தார். "வேண்டாம்னுதான் சொல்லிருப்போம் தாயி. உன்கிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும்."

"நெசத்தச் சொன்னீங்க. நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு அமுதா எழுந்தாள்.

திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்றேன்.

"வெண்புள்ளி உள்ளவங்க எங்க லேப்புக்கு வருவாங்கண்ணே. முழுக்கை போட்டு, யாரும் பாக்காத நேரமா வருவாங்க. நாளைக்கு அவங்களுக்கு ஊசி குத்தும்போது, நல்லவேளை எனக்கில்லன்னு நெனச்சுக்கிட்டே குத்தச் சொல்றீங்களா?"

அன்று மாலையே அவள் சித்தப்பாவிடம் இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் ஆடி மாதம் வரை என்னோடு பேசவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிளம்பும் முன் லென்ஸை மூடி ஒரு கறுப்புப் படம் எடுத்துப் பாருங்கள். கேமராவின் குறைகள் அதிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்குள் ஆளை எடுப்பதானால் ஜன்னல் பக்கம் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வை 100க்கு மேல் ஏற்றாதீர்கள். மே மாதம் கேமராவைப் பேருந்து ஜன்னலோரம் வைக்க வேண்டாம், துணி சுற்றிப் பைக்குள் வையுங்கள். குஜிலியம்பாறைக்குத் திண்டுக்கல்லிலிருந்து 35 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மதியத்தில் பேருந்து குறைவு, காலையிலேயே ஏறிவிடுங்கள். யாருடைய முகத்தையாவது எடுத்து வெளியூருக்கு அனுப்பும் முன், கேமராத் திரையை நம்பாமல் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள்.

அமுதாவுக்கு இரண்டு வருடம் கழித்து வேடசந்தூரில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லேபுக்கே வந்து அவளிடம் நேரில் பேசிவிட்டுப் போனவர். போட்டோ யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் அடிக்கடி நினைப்பது அந்த வத்தலக்குண்டு அம்மாவைத்தான். அன்றைக்கு அந்த வீட்டில் அமுதா கேட்ட கேள்விக்கு அவராவது உண்மையைச் சொன்னார். அதையே என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.