மூன்று வண்டிகளும் வரிசையாக நின்ற ஞாயிறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாமக்கல்லில் லாரி கிளீனர், அப்புறம் டிரைவர், பெங்களூரில் தோசை மாஸ்டர், டெக்சாஸில் ஓட்டல் முதலாளி. இதில் ஒரு படியில்கூட யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையும் தொடங்குவதில்லை. கேட்டுப் பழகியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

போன மாதம் எங்கள் ஊர் ஃபிரிஸ்கோவிலிருந்து, என் வீட்டுக்காரியும் சேர்த்து, நாங்கள் சில பெரியவர்கள் வேன் பிடித்து, கடற்போர் மியூசியம் ஒன்றைப் பார்க்கப் போனோம். சுற்றுவட்டாரத்தில் கடலே இல்லாத ஊரில் கடற்போருக்கு மியூசியம்! டெக்சாஸ்காரனுக்கு எதிலும் குறை வைக்கப் பிடிக்காது. உள்ளே பேர்ல் ஹார்பர் படம் ஒரு சுவர் முழுக்க இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்கக் கப்பல்கள் வரிசையாக நிற்க, ஜப்பான் விமானங்கள் மேலிருந்து குண்டு போடுகின்றன.

எங்களோடு வந்த ரிட்டயர்டு எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்ளோ பெரிய நாட்டைப் போய்ச் சீண்டுவானா சார்? காமன் சென்ஸ் வேணாமா?"

பக்கத்துப் பலகையில் எழுதியிருந்ததை அவரே படித்துத் தமிழில் சொன்னார். ஜப்பான் சீனாவுக்குள் புகுந்து பரவிக்கொண்டே போனதாம். அமெரிக்கா எண்ணெய் விற்பதை நிறுத்திவிட்டதாம். கையிருப்பு வற்றிக்கொண்டே வந்ததாம். தெற்கே போய் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்கலாமென்றால் இந்தக் கப்பல்கள் குறுக்கே வரும். ஒரே அடியாக அடித்தால் அமெரிக்கா சோர்ந்துபோய்ப் பேச வருமென்று நினைத்தார்களாம்.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். "இது எனக்குத் தெரிஞ்ச கதைதானுங்க. நானே பண்ணியிருக்கேன்."

"ஆமா சார், என் மேலதான் பண்ணுனாரு" என்றார் என் பக்கத்தில் நின்ற மதுரைக்காரர்.

கதை இதுதான். நான் ஓட்டல் திறந்த புதிதில் மாவு அரைக்க எனக்கு வசதி இல்லை. கோயம்புத்தூரில் சொல்லிவைத்த பெரிய கிரைண்டர் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும் என்றார்கள். இந்த மதுரைக்காரருக்கோ பெரிய கிச்சன், பெரிய கிரைண்டர்கள், டிபன் விற்கும் மூன்று ஃபுட் டிரக் வண்டிகள். எனக்கு மாவு கொடுத்தவர் அவர்தான். நான் சும்மா இருப்பேனா? புது வீடுகள் முளைத்த பக்கமெல்லாம் போய், பிறந்தநாள், வளைகாப்பு என்று கேட்டரிங் பிடிக்க ஆரம்பித்தேன். அதெல்லாம் தன்னுடைய ஏரியா என்று அவர் நினைத்தார். ஒரு நாள் போன் வந்தது.

"அண்ணே, இனிமே மாவு தர முடியாதுண்ணே."

அவ்வளவுதான். தோசை ஓட்டலில் தோசை இல்லையென்றால் பூட்டைத் தேட வேண்டியதுதான். டப்பா மாவு வாங்கி நடத்தினால் கட்டுப்படியாகாது. குளிர்பெட்டியில் மிச்சமிருந்த மாவைப் பார்த்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தீர்ந்த அன்றைக்குக் கெஞ்சிக்கொண்டு போய் நிற்பதா? அந்த ஜென்மம் நான் எடுக்கவில்லை. தீர்வதற்கு முன்னாலேயே அடிப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலையில் ஒரு கம்யூனிட்டி கிளப் ஹவுஸில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். வெளியே பெற்றோர் பசியோடு காத்திருப்பார்கள். அவருடைய மூன்று வண்டிகளும் அங்கேதான் வரிசையாக வந்து நிற்கும். மூன்றும் விற்காத சட்டியும் பானையுமாகத் திரும்பிப் போனால் ஆள் பேச வருவார் என்பது என் கணக்கு. அந்தக் குடியிருப்பு அசோசியேஷன் செகரட்டரி அம்மாவிடம், "எங்க கல்யாண நாளுங்க, எல்லாருக்கும் டிபன் போடணும்" என்று அனுமதி வாங்கினேன். கல்யாண நாள் சாப்பாட்டுக்கு யார் வேண்டாம் என்பார்கள்?

இருந்த மாவு முழுவதையும் அன்று காலை இட்லியாக்கினேன். ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை. பொங்கல், கொத்சு, இரண்டு சட்னி. வண்டிகள் வந்து ஷட்டரைத் திறந்தபோது அந்த இடத்தில் பசித்தவர் ஒருவரும் இல்லை. வந்து நின்றவர்களும் தண்ணீர் பாட்டில் மட்டும் கேட்டார்கள்.

என் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. என் வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

"ஹேப்பி ஆனிவர்சரி ஆன்ட்டி!" என்று ஆளாளுக்குக் கைகொடுக்க, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நம்ம கல்யாணம் வைகாசியில தானுங்க நடந்துச்சு? இது ஐப்பசி."

"செத்த சும்மா இரு."

அதற்குள் மதுரைக்காரர் வண்டியை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். முகம் அடுப்பு மாதிரி இருந்தது. கைகலப்பு என்றே நினைத்து வேட்டியை மடித்துக் கட்டினேன். குறுக்கே புகுந்தவள் இவள்தான்.

"வாங்க தம்பி, கல்யாண நாளுங்க. ஒரு வாய் சாப்பிடாமப் போகக் கூடாது."

சுற்றிலும் அத்தனை பேர். மங்கல காரியத்தில் பெண்பிள்ளை தட்டை நீட்டினால் எந்தத் தமிழன் வேண்டாமென்பான்? அவர் உட்கார்ந்தார். ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவர் அப்படியே என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, இது நம்ம மாவுல்ல?"

"ஆமா. கடைசி மாவு."

"எல்லாத்தையும் ஊத்திப்புட்டீகளா? நாளைக்கு என்ன பண்ணுவீக?"

"உங்க கிட்டத்தான் வருவேன்."

 அவர் தொண்டையில் இட்லி சிக்குகிற அளவுக்குச் சிரித்தார். சட்னி இன்னொரு தரம் கேட்டார். அந்தத் தட்டு காலியாவதற்குள் ஏரியாவைப் பிரித்துக்கொண்டோம். கேட்டரிங் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு. திங்கட்கிழமை விடிகாலையில் மாவு என் கடை வாசலில் இருந்தது.

மியூசியத்தில் இதைச் சொல்லி முடித்துவிட்டு, "ஜெயிச்சது நான்தான்" என்றேன்.

"எங்கண்ணே ஜெயிச்சீக? என் கிரைண்டரை நீங்க தொடவே இல்லியே. மறுவாரமே ஊரைக் கூட்டிச் சும்மா வடை போட்டிருந்தேன்னா உங்க கடை காலி."

எஞ்சினியர் பலகையைக் காட்டினார். "அங்கயும் அதே தப்புத்தான் சார். கப்பலை அடிச்சானுங்க, கரையில இருந்த எண்ணெய் டேங்கை விட்டுட்டானுங்க."

நான் விடுவேனா? "தப்பு அதில்லீங்க சார். பேச வைக்கணும்னு அடிச்சாங்க, சரி. அடிச்சா ரோசக்காரன் பேச வரமாட்டான். எனக்கு மட்டும் ஏன் வந்தாரு? என் பொண்டாட்டி தட்டைக் கொடுத்தா. அவங்களுக்கு அந்த மாதிரி ஒரு ஆள் இல்ல."

திரும்பும் வழியில் வேனில் என் வீட்டுக்காரி எல்லாருக்கும் இட்லி பரிமாறினாள். இப்போது என் சொந்தக் கிரைண்டர் மாவு. மதுரைக்காரர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "புளிப்புப் பத்தலண்ணே" என்றார். அப்புறம் அவளிடம் கேட்டார்: "இந்த ஐப்பசிக்கு கேசரி நான் கொண்டாரவா அண்ணி?"

அந்த இட்லி ஞாயிற்றிலிருந்து எங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு கல்யாண நாள். இரண்டுக்கும் அவளுக்குச் சேலை எடுத்தாக வேண்டும்.